கூச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

பல் டாக்டரின் தட்டை நான் எட்டி உதைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வேண்டுமென்று உதைக்கவில்லை, கால் தானாகப் போய்விட்டது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைச் சுற்றி மூன்று ஊசி போட்டு, உதடு மரத்து, நாக்கு தடித்து, "இனிமே ஒண்ணும் தெரியாது சார்" என்று டாக்டர் நஸ்ரீன் சொல்லி முடித்த பிறகுதான் துளைக்கும் கருவி பல்லின் நடுவே இறங்கியது. அடுத்த நொடி நான் போட்ட அலறலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்று கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் இலக்கணம் படித்தவள். வாயோரம் எச்சில் வழிய, சட்டையில் ரத்தப் பொட்டோடு, ஐம்பத்தொரு வயதுப் பேராசிரியர் குணாளன் நாற்காலியின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டிருந்ததை அவள் நன்றாகவே பார்த்தாள்.

நஸ்ரீன் தரையில் சிதறிய ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"சீழ் பிடிச்ச பல்லு சார். அந்த இடத்துல மருந்து சரியா வேலை செய்யாது. நான் மொதல்லயே சொன்னேன், பட்டை போட்டுக்கலாம்னு. நீங்கதான் ஊசி போதும்னு அடம் பிடிச்சீங்க."

அடம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது.

திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் பட்டை என்றால் விபூதிப் பட்டைதான். நாலு வருடமாக அந்தச் சொல்லுக்கு வேறு வேலை வந்துவிட்டது. "பட்டை போட்டாச்சா?" என்று கேட்டால் பல் வைத்தியம் முடிந்ததா என்று அர்த்தம். நெற்றியைச் சுற்றிக் கட்டும் இரண்டு விரல் அகல நாடா அது. ஊசி இல்லை, மருந்து இல்லை. மூளையில் வலியை உணரும் இடம் எதுவென்று பார்த்து, அதை மட்டும் சில மணி நேரத்துக்கு மூடி வைக்கும். அந்த இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமாம். அதனால் முதலில் நம்மையே கேட்கும். "வலியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று காதுக்குள் ஒரு குரல் சொல்லும். நாம் நினைப்போம், பட்டை குறித்துக்கொள்ளும். அடுத்து, "கூச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும். நாம் நினைப்போம், அதையும் குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டையும் பூட்டிவிடும். பட்டையைக் கழற்றிய பிறகும் ஐந்தாறு மணி நேரத்துக்குப் பூட்டு திறக்காது.

அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியவன் நான்.

பட்டை செய்யும் கம்பெனி தமிழுக்கு ஆள் தேடியபோது என்னைத்தான் பிடித்தார்கள். பிடிக்காமல் என்ன செய்வார்கள்? பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்திரிகையில் பிழை திருத்தும் பத்தி எழுதுகிறேன். அமைச்சர் வாழ்த்து மடலில் ஒற்று விட்டுப்போனாலும், கல்யாணப் பத்திரிகையில் சந்தி மிகுந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இருநூற்றுப் பன்னிரண்டு சொற்களை அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். அதில் ஓரிடத்தில் முதலில் "பல் கூச்சம்" என்றுதான் எழுதினேன். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பல்லைத் தவிர வேறு என்ன கூசப்போகிறது என்று நினைத்து, "பல்"லை நானே அடித்தேன். சொற்சிக்கனம் என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

எட்டு மாதத்துக்கு முன்பு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திண்டுக்கல்லில், நாற்பத்தொரு வயதுப் பெண், பள்ளி ஆசிரியை, பட்டை போட்ட நாளில் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார். "கூச்சம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் ஏதேனும் உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி.

விருந்தாளி வந்ததும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் குழந்தையைப் பார்த்து, "கூச்சப்படுது" என்று சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? பொய் சொல்லக் கூசவில்லையா, கேட்கவே கூசுகிறது, கூச்சநாச்சமில்லாதவன் என்று எத்தனை வகையாகச் சொல்கிறோம். கேள்வியைப் படித்த அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவன் ஒரு சொல்லில் சறுக்கினான் என்று வெளியே தெரிந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? "இல்லை. பல் மருத்துவச் சூழலில் பொருள் ஒன்றே" என்று பதில் அனுப்பினேன். முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.

அந்த ஆசிரியை யாரென்று இரண்டே நாளில் தெரிந்துகொண்டேன். சகாயமேரி. காலையில் பட்டை போட்டுவிட்டு மதியம் பள்ளிக்குப் போனவர், ஆசிரியர்கள் அறையில் எல்லோர் முன்னாலும் முழுக்கை ஜாக்கெட்டைச் சுருட்டிக் காட்டி, முதுகையும் திறந்து காட்டி, கணவர் எதெதனால் எப்போதெப்போது அடித்தார் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மூன்று நாள் கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், தாடை பூசணிக்காயாக வீங்கியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேறு வழியில்லாமல் மறுபடி நஸ்ரீன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவை ஊசி போட்டுப் பாக்கலாமே டாக்டர்?"

"தட்டு புதுசு சார். அதையும் ஒடைக்கணுமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏன் சார் பட்டைன்னா இப்படிப் பயப்படறீங்க? சகாயமேரி டீச்சர் விஷயம் கேள்விப்பட்டீங்களா?"

"கொஞ்சம்."

"எங்கிட்டதான் வந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் பட்டையைத் தொடவே இல்ல. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பட்டை வலியை மட்டும்தான் எடுக்கும், வேற எதையும் தொடாது, அந்தம்மா சிரிச்சது அவங்க மனசோட கோளாறுன்னு எனக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் பதில் போட்டுட்டாங்க. அந்தக் கடுதாசியைக் கோர்ட்ல காட்டி, புத்தி சரியில்லாதவகிட்டப் புள்ளைய விட முடியாதுன்னு வீட்டுக்காரரு பொண்ணத் தன்கிட்டயே வச்சுக்கிட்டாரு. ஒம்பது வயசு சார் அதுக்கு."

பெண் குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. என் ஒற்றை "இல்லை" அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடித்த கை இருக்கிற வீட்டில் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறது அது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், பல்லைக் காட்ட.

பட்டையைக் கட்டினார். நெற்றி குளிர்ந்தது. நான் ஒரு திட்டத்தோடுதான் வந்திருந்தேன். குரல் "கூச்சம்" என்றதும் பல்லை நினைக்க வேண்டும், அவ்வளவுதானே! வரும் வழியெல்லாம் ஐஸ் மோர், பல், ஐஸ் மோர், பல் என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

"வலியை நினைத்துக்கொள்ளுங்கள்."

நினைப்பதற்கு என்ன இருக்கிறது, வாய் நிறைய இருந்தது.

"கூச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்."

மோரும் வரவில்லை, பல்லும் வரவில்லை. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று, முகம் தெரியவில்லை, ஒரு கதவின் பின்னால் நின்றது. என் உடம்பு முழுக்கக் குறுகிப்போனது. பட்டை அதைக் குறித்துக்கொண்டது.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை சுகம். பல்லைச் சுற்றி ரப்பர் துணி போட்டார், துளைத்தார், கம்பி மாதிரியான ஊசிகளை வேருக்குள் விட்டு விட்டு எடுத்தார். எல்லாம் தெரிந்தது, எதுவும் வலிக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் காணாமல் போயிருந்தது. பதினொரு மணிக்குப் பட்டையைக் கழற்றினார்கள். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, காபி குடிக்கலாமா என்று கேட்கிற தோரணையில் சொன்னேன்:

"டாக்டர், அந்த டீச்சர் மேல தப்பே இல்ல. தப்பு என்னுது. கூச்சம்ங்கிற சொல்லுக்கு முன்னாடி இருந்த பல்லை நான்தான் எடுத்தேன். கம்பெனி கேட்டப்போ வேற அர்த்தமே கெடையாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

நஸ்ரீன் கையுறையைப் பாதி கழற்றியபடி நின்றார்.

"என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா சார்?"

"நல்லாத் தெரியுதே."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வலிக்கும் அவமானத்துக்கும் மூளைல பக்கத்துப் பக்கத்து வீடுன்னு படிச்சிருக்கேன். ஒரு வீட்டப் பூட்டச் சொன்னா அடுத்த வீட்டையும் சேத்துப் பூட்டிருக்கு. அப்ப நீங்க இப்ப..." என்று என் முகத்தையே பார்த்தார். "அவங்களும் அன்னைக்கு இப்படித்தான் சார் சிரிச்சாங்க. இனிமே இந்தக் குரலை யாருக்கும் போட மாட்டேன்."

"நல்லது. அவங்க வீடு எங்கன்னு சொல்லுங்க. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

முகவரியை எழுதிக் கொடுத்தார். கூடவே எல்லோருக்கும் தருகிற அச்சடித்த சீட்டையும் தந்தார். ஆறு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. பட்டை கழற்றிய நேரம்: 11.00. ஆட்டோ பிடித்தேன்.

மேட்டுப்பட்டியில் அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தார் சகாயமேரி. மெலிந்த உருவம், முழுக்கை ஜாக்கெட். தையல் மிஷினில் எதையோ ஓட்டிக்கொண்டிருந்தவர், யாரென்று தெரியாமலே நாற்காலியை இழுத்துப் போட்டார். பேராசிரியர் என்று சொன்னதும், டியூஷன் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் உட்கார்ந்தேன், சொன்னேன். தலைப்பு, உட்தலைப்பு எல்லாம் வைத்து வகுப்பெடுப்பது போலச் சொன்னேன். நடுவில், "ஒரே ஒரு சொல்லு டீச்சர், ரெண்டே எழுத்து!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மிஷின் சக்கரத்தின் மேல் அவர் வைத்த கை அப்படியே இருந்தது. நான் முடித்த பிறகு சொன்னார்.

"கூச்சத்தை நெனைச்சுக்கோங்கன்னு சொல்லுச்சு. எனக்குப் பல்லா சார் ஞாபகம் வரும்? பதினோரு வருசமா வெயில்லயும் முழுக்கை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவ நான்."

"அதான் டீச்சர். சரியான உதாரணம்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "சார், நீங்க இன்னைக்குப் பட்டை போட்டீங்களா?"

"காலைலதான் போட்டேன். அதான் உங்ககிட்ட வந்து சொல்ல முடிஞ்சுது. இல்லன்னா இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்றேன், உள்ளதை உள்ளபடி.

"அப்படியா" என்றார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "நான் சொன்னது அம்புட்டும் நெசம் சார். ஒரு சொல்லு கூடக் கொறைய இல்ல. ஆனா சிரிச்சுட்டேனே. அழுதுருந்தா நம்பியிருப்பாங்க. தோளப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னுருப்பாங்க. சிரிச்சுக்கிட்டே முதுகக் காட்டுறவள யாரு நம்புவா? சாயங்காலம் கூச்சம் திரும்பி வந்தப்ப, அந்த ஸ்டாஃப் ரூமை நெனைச்சு அப்படியே சுருண்டு படுத்தவதான். பதினோரு வருசம் சேத்து வச்சு ஒரே ஒரு தடவ சொன்னேன். அதையும் இப்படிச் சொல்லித் தொலைச்சுட்டேன்."

"அதுக்கென்ன டீச்சர், நான் எழுதித் தர்றேன். பட்டை எடுத்தது உங்க கூச்சத்தைத்தான், புத்தியை இல்லன்னு எழுதறேன். சொல்லைப் போட்டவனே சொல்றப்போ கோர்ட் கேக்காதா? பேப்பர் குடுங்க."

மேசை மேல் நான் வைத்திருந்த சீட்டை எடுத்துப் படித்தார். அவர் கண் கடைசி வரியில் நின்றது.

"இப்ப எழுதக் கூடாது சார். பட்டை நேரத்துல போட்ட கையெழுத்து செல்லாதுன்னு வீட்டுக்காரரோட வக்கீலே எந்திரிச்சுச் சொல்லுவாரு. நான் சொன்னதைத் தள்ளுனது அப்படித்தான். திங்கக்கெழமை வாய்தா. அஞ்சு மணி வரைக்கும் இங்கயே இருங்க. அது வரட்டும். வந்தப்பறம் எழுதுங்க."

இருந்தேன். எனக்கென்ன, ஃபேன் ஓடியது. மெல்ல முடியாது என்பதால் நொய்யரிசிக் கஞ்சி கரைத்துத் தந்தார். நன்றாக இருந்தது, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பெண் பெயர் என்ன என்று கேட்டேன். ஜெனிலா என்றார். எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்றார். அங்கே அவளையும் அடிக்கிறாரா என்று கூடக் கேட்டுவிட்டேன், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல.

"போன வாரம் அவளும் முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்தா சார்" என்றார் சகாயமேரி. தைத்துக்கொண்டிருந்த துணியை மறுபடி மிஷினில் நுழைத்தார்.

நாலரை மணிக்குத் தாடையில் மெதுவாக ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. வைத்தியம் பார்த்த பல் இருப்பைத் தெரிவித்தது. சரி, பூட்டுத் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே மற்றதும் வந்தது. அது மெதுவாக வரவில்லை. முதலில் வந்தது அந்த இரண்டாவது டம்ளர் கஞ்சி. இந்த வீட்டில், இந்தப் பெண்ணின் கையால், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தது. பிறகு அந்தக் கேள்வி. அவர் சொன்ன பதில் இரண்டு மணி நேரம் கழித்து அப்போதுதான் எனக்குள் இறங்கியது. காது மடல் இரண்டும் கொதித்தன. நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. எட்டு மாதமாக நான் சுமந்தது இதில் கால்வாசி கூட இல்லை.

அவர் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. ஆனால் மூளை மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்தது. எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை கோர்ட்டில் படிப்பார்கள். செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் வரும், என் பத்தி வருகிற அதே பத்திரிகையில். கல்லூரியில், நூலகத்தில், அன்று கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்த அந்த மாணவியின் வீட்டில் கூடப் பேசுவார்கள். வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தால் வேறு நல்ல வழி ஏதாவது தோன்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட யோசனைதான். ஆனால் வெட்கத்தால்தான் அந்த யோசனையே வந்தது.

முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு எழுந்தேன்.

"டீச்சர், இன்னும் ஒண்ணும் தெரியல. எனக்குக் கொஞ்சம் லேட்டாகும் போல. நான் கெளம்பறேன். நாளைக்குக் காலைல நல்லா டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்து தர்றேன்."

சகாயமேரி மிஷினை நிறுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பையனின் கணக்கைத் திருத்துகிற குரல்தான் அது.

"வந்துருச்சு சார். வந்ததுனாலதான் பொய் சொல்றீங்க. மத்தியானம் பூரா நீங்க ஒரு பொய் சொல்லலையே."

நின்ற இடத்திலேயே நின்றேன். தாடை தெறித்தது. பல் வலித்ததா மற்றது வலித்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, அவர் என்னைத் தடுக்கவும் இல்லை. மாடிப்படி பன்னிரண்டோ பதிமூன்றோதான். இறங்கியிருக்கலாம். முழுக்கைச் சட்டை போட்ட ஒன்பது வயதுக் குழந்தை மட்டும் இல்லையென்றால் இறங்கியிருப்பேன்.

உட்கார்ந்தேன். அவர் கோடு போட்ட தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு ஆக நாலு நிமிடம் இருந்தது. அந்த நாலு நிமிடமும் காத்திருந்தோம். பிறகு, "எழுதுங்க" என்றார்.

பேனாவைத் திறந்தேன். பெயர், வயது, தொழில் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எதிரே மோடாவில் உட்கார்ந்து அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்... கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா? நீங்க பாத்துக்கிட்டிருந்தா எழுத வரமாட்டேங்குது."

"இல்ல சார்" என்றார் சகாயமேரி. "நான் பாப்பேன். என்னைய அன்னைக்கு இருவத்திமூணு பேரு பாத்தாங்க."

தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு நிமிரும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.